குழுவைக் கலைத்துவிடலாமா?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் உள்ள பெண்கள் சிலர் சேர்ந்து, ஆபத்து அவசரத்துக்கு ஒருவருக்கொருவர் கைகொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தில் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு குழுவைத் தொடங்கினோம். இப்போது இருபத்தாறு பேர் இருக்கிறோம். பிரசவம், மருத்துவமனைத் துணை, முதியோரைப் பார்த்துக்கொள்வது, வேலை இழந்தவருக்குக் கைமாற்று என்று எவ்வளவோ செய்திருக்கிறோம். தொடங்கிவைத்தவள் என்பதால் எல்லோரும் என்னையே அழைப்பார்கள். ஆனால் கடந்த ஓராண்டாக வேலை முழுவதும் ஐந்தாறு பேர் தலையில்தான் விழுகிறது. மற்றவர்கள் தங்களுக்கு உதவி தேவைப்படும்போது மட்டும் வருகிறார்கள். ஒருவர் நம்பிச் சொன்ன குடும்பச் செய்தி வெளியே பரவி, அவர் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். இன்னோர் உறுப்பினரை அவருடைய கணவர் அடிக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியும். அதில் தலையிடலாமா கூடாதா என்று குழு இரண்டுபட்டு நிற்கிறது. அண்மையில் எனக்கு ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. யாரையும் சிரமப்படுத்த வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. ஒருவரும் விசாரிக்கவும் இல்லை. பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்று என் வீட்டில் சொல்வதை இப்போது என்னால் மறுக்க முடியவில்லை. மனம் வெறுத்துவிட்டது. குழுவைக் கலைத்துவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கலைப்பதா வேண்டாமா என்பதற்குக் கடைசியில் வருகிறேன். உடல் முழுதாகத் தேறாத, மனமும் புண்பட்டிருக்கிற இந்த வேளையில் அந்த முடிவை எடுக்க வேண்டாம் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் வேலைப் பகிர்வு, ரகசியம் கசிந்தது, ஒரு பெண் வீட்டில் அடிபடுவது என்று மூன்று வெவ்வேறு சிக்கல்கள் ஒன்றாக முடிச்சு விழுந்து கிடக்கின்றன. மூன்றையும் அவிழ்க்கும் வழி வேறு வேறு. அவற்றில் காத்திருக்க முடியாதது ஒன்றுதான் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

அடிபடும் அந்த உறுப்பினரைப் பற்றிக் குழு விவாதிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் யாராவது பேசினார்களா என்பது கடிதத்தில் இல்லை. தலையிடலாமா கூடாதா என்பது குழு கூடி முடிவெடுக்கும் பொருள் அன்று. தமக்கு என்ன வேண்டும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அதை அச்சமின்றிச் சொல்ல அவருக்கு ஓர் இடம் அமைத்துக்கொடுப்பதுதான் உங்கள் வேலை. “குடும்ப விஷயம், நமக்கெதற்கு வம்பு” என்று ஒதுங்குகிறவர்களும், “நாலு பேர் போய் அந்த மனிதரை நறுக்கென்று கேட்டுவிட்டு வருவோம்” என்று கிளம்புகிறவர்களும், அவரைக் கேட்காமலேயே அவருக்காக முடிவெடுக்கிறார்கள் என்ற வகையில் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். இதில் இரண்டாவது தரப்பின் நல்லெண்ணம் கூடுதல் ஆபத்தானது. கேள்வி கேட்கப் போனவர்கள் அரை மணி நேரத்தில் தத்தம் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். கதவு சாத்தப்பட்ட பிறகு, நாலு பேர் முன்னால் தலைகுனிய நேர்ந்த ஆத்திரம் முழுவதும் அந்தப் பெண்ணின் மேல்தான் இறங்கும்.

ஆகவே அவர் அதிகம் நம்பும் ஒருவரோ இருவரோ மட்டும் தனியாகப் பேசட்டும். நேரில் பேசுங்கள்; கைபேசிச் செய்திகளைக் கணவர் எடுத்துப் படிக்கக்கூடும். நீங்கள் கவனித்ததைச் சொல்லி, அவர் சொல்வதை நம்புவதாகவும் சொல்லிவிட்டு, என்ன செய்தால் உதவியாக இருக்கும் என்று கேளுங்கள். “இவ்வளவு நாள் ஏன் பொறுத்துக்கொண்டாய்?” என்ற கேள்வி வேண்டவே வேண்டாம். வீட்டை விட்டு வெளியேறு என்று வற்புறுத்தவும் வேண்டாம். ஒரு பெண் பிரிய முடிவெடுக்கும் காலத்திலும் பிரிந்த உடனேயும்தான் வன்முறை பல நேரங்களில் உச்சத்துக்குப் போகிறது என்பது இத்துறையில் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. அவர் எந்த முடிவை எடுத்தாலும் பயன்படக்கூடிய ஏற்பாடுகளைச் செய்துவையுங்கள். அடையாள ஆவணங்களின் நகல்கள், ஒரு மாற்றுடை, வழக்கமாக எடுத்துக்கொள்ளும் மருந்து, கொஞ்சம் பணம் ஆகியவை வேறொருவர் வீட்டில் இருக்கட்டும். நள்ளிரவிலும் தயங்காமல் தட்டக்கூடிய கதவு எது என்பது அவருக்குத் தெரிந்திருக்கட்டும். அவசரமென்றால் பயன்படுத்த, கேட்பவர்களுக்குச் சாதாரணமாகப் படும் ஒரு சொல்லைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கான உதவி எண்ணையும் இலவசச் சட்ட உதவி கிடைக்கும் இடத்தையும் நீங்களே விசாரித்து வைத்திருந்து, அவர் கேட்கும்போது கொடுங்கள். அவருடைய உயிருக்கோ குழந்தைகளுக்கோ உடனடி ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் காவல்துறையை அழையுங்கள். இவற்றில் எதுவும் கூட்டக் குறிப்பேட்டில் ஏறக் கூடாது; வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூட வரக் கூடாது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பெண் தன் வாழ்நாளில் உடல்ரீதியான அல்லது பாலியல் ரீதியான வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார். அதைச் செய்தவர் பெரும்பாலும் வாழ்க்கைத் துணைவர்தான். இருபத்தாறு பேர் கொண்ட உங்கள் குழுவில் இந்த அனுபவம் ஒருவருக்கு மட்டுமே இருக்கும் என்று நான் நம்பவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றி நீங்கள் எந்தத் தொனியில் பேசுகிறீர்கள், அவரைக் குறை சொல்கிறீர்களா, செய்தியைப் பரப்புகிறீர்களா என்பதை, வாய் திறக்காத வேறு சிலரும் கூர்ந்து கவனித்துக்கொண்டிருப்பார்கள். நம் துன்பத்தை இங்கே சொல்லலாமா கூடாதா என்பதை அவர்கள் அதிலிருந்துதான் தீர்மானிப்பார்கள்.

ரகசியம் கசிந்த விவகாரம் இதனோடு ஒட்டியதுதான். வருவதை நிறுத்திவிட்ட அந்த உறுப்பினரிடம் நீங்களோ மற்றொருவரோ போய்க் குழுவின் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள். மறுபடியும் வாருங்கள் என்று அதே மூச்சில் அழைக்காதீர்கள். அழைத்தால், ஆள் குறைந்துவிட்டது என்பதற்காகக் கேட்ட மன்னிப்பாக அது தோன்றிவிடும். யார் சொன்னது என்று கூட்டத்தில் விசாரணை நடத்தவும் வேண்டாம். சொன்னவர் யார் என்று உறுதியாகத் தெரிந்தால் இருவர் தனியாகச் சந்தித்து, என்ன பாதிப்பு நேர்ந்தது என்பதை எடுத்துச் சொல்லுங்கள். முதல் முறைக்கு அது போதும். பொதுவளங்களை மக்கள் கூட்டாக நிர்வகிக்கும் முறைகளைப் பல நாடுகளில் ஆராய்ந்து, 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை முதன்முதலாகப் பெற்ற பெண்ணான எலினோர் ஆஸ்ட்ரம் கண்டறிந்தவற்றில் ஒன்று இது: நீண்ட காலம் நிலைத்த அமைப்புகளில், விதியை மீறியவருக்கு முதலில் மிகச் சிறிய கண்டிப்பும், தவறு தொடர்ந்தால் படிப்படியாகக் கூடும் கண்டிப்பும் இருந்தன. எடுத்த எடுப்பில் விலக்கிவைக்கும் குழுக்களும், எதையும் கண்டுகொள்ளாமல் விடும் குழுக்களும் நீடிப்பதில்லை என்பதை என் பணியிலும் பார்த்திருக்கிறேன்.

இனிமேலுக்கு விதி எளியதாக இருக்கட்டும். ஒருவர் தம்மைப் பற்றிச் சொன்னதை அவர் அனுமதியின்றி இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. “இன்னொருவர்” என்பதில் கேட்டவரின் கணவரும் தாயும் உற்ற தோழியும் அடக்கம். இதைவிட முக்கியமாக நான் கருதும் விதி மற்றொன்று உண்டு. உதவி கேட்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. “நாளை பிற்பகல் மூன்று மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்” என்பது முழுமையான வேண்டுகோள். எங்கே போகிறார், எதற்குப் போகிறார் என்பது குழுவுக்குத் தேவையில்லை. பல குழுக்களில், உதவி பெறுவதற்காகத் தம் வீட்டுக் கதையைக் கொடுத்தாக வேண்டிய நிலை, யாரும் திட்டமிடாமலேயே உருவாகிவிடுகிறது. உருக்கமாகச் சொல்லத் தெரிந்தவருக்கு உதவி விரைந்து கிடைக்கிறது. சொல்லக் கூசுகிறவர் கேட்காமலேயே இருந்துவிடுகிறார். கதைகள் குவியக் குவியக் கசிவதற்கான வாய்ப்பும் கூடுகிறது.

இனி வேலைப் பளுவுக்கு வருகிறேன். ஐந்தாறு பேர் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வதும் மற்றவர்கள் ஒதுங்கியிருப்பதும் உங்கள் குழுவின் தனிக்குறை அன்று. விளையாட்டுச் சங்கத்திலும் குடியிருப்போர் சங்கத்திலும் கட்சிக் கிளையிலும் இதே கதைதான். அங்கெல்லாம் ஆண்கள் ஒருவரையொருவர் ஏமாற்றி ஒதுங்கும்போது ஆணுக்கு ஆணே எதிரி என்று யாரும் சொல்வதில்லை என்பதை உங்கள் வீட்டாருக்கு நினைவூட்டலாம். அந்தப் பழமொழிக்கு இதற்கு மேல் இடம் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

வராதவர்கள் ஏன் வருவதில்லை என்று அவர்களைக் கேட்டிருக்கிறீர்களா? பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஊதியமின்றிச் செய்யப்படும் பராமரிப்பு வேலையின் மொத்த நேரத்தில் 76.2 சதவீதத்தைப் பெண்களே சுமக்கிறார்கள் என்கிறது. உங்கள் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் அந்தச் சுமையோடுதான் குழுவுக்கு வருகிறார்கள். சிலருக்கு அதற்கு மேல் வெளிவேலையும் உண்டு. அழைத்தவுடன் ஓடிவரக் கூடியவர் எல்லோரிலும் அன்பு மிகுந்தவர் என்று பொருளில்லை; அவர் வீட்டில் அன்றைக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருந்திருக்கலாம், அவ்வளவுதான். மருத்துவமனையில் இரவு தங்குவதையும் வீட்டுக்கு வந்து வேலை செய்துகொடுப்பதையும் மட்டுமே உதவி என்று குழு கணக்கிட்டால், மற்றவர்கள் கொடுக்கக்கூடியது கணக்கில் வராமலே போய்விடும்.

கொடுக்கக்கூடியது சிறியதாக இருந்தால் பயனும் சிறியதாகத்தான் இருக்கும் என்று எண்ண வேண்டாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு வரும் அபாயம் அதிகமுள்ள 701 தாய்மாரிடம் ஓர் ஆய்வு நடத்தி அதன் முடிவுகளை 2009-இல் வெளியிட்டார்கள். அதே மனச்சோர்விலிருந்து முன்பு மீண்டுவந்த பெண்கள், நான்கு மணி நேரப் பயிற்சி மட்டும் பெற்று, புதிய தாய்மாரில் ஒரு பாதியினருக்குத் தொலைபேசியில் பேச்சுத்துணையாக இருந்தார்கள். மறுபாதியினருக்கு வழக்கமான மருத்துவக் கவனிப்பு மட்டும் கிடைத்தது. 12 வாரங்கள் கழித்துப் பார்த்தபோது, பேச்சுத்துணை கிடைத்தவர்களில் 14 சதவீதத்தினரிடமும் கிடைக்காதவர்களில் 25 சதவீதத்தினரிடமும் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. வீட்டை விட்டு நகர முடியாத ஒருவராலும், படுக்கையிலிருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவராலும் செய்ய முடிந்த வேலை இது. படிவம் நிரப்பத் தெரிந்தவர், வண்டி ஓட்டத் தெரிந்தவர், கணக்கு எழுதத் தெரிந்தவர், வாரத்தில் ஒரு மாலை மட்டும் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரக்கூடியவர் என்று ஒவ்வொருவரும் எதை, எந்த நேரத்தில் தர முடியும் என்பதை அவரவர் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். “என்னால் இப்போது எதுவும் முடியாது” என்பதும் ஏற்கத்தக்க பதிலே. ஆறு மாதம் கழித்து அவரிடம் மறுபடியும் கேட்டால் போகிறது.

இங்கே சற்றுக் கடுமையாக ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெண்கள் ஒருவருக்கொருவர் உதவுவது, ஆண்கள் செய்ய வேண்டியதை வேறொரு பெண்ணின் தோளுக்கு மாற்றிவிடுவதாக ஆகிவிடக் கூடாது. ஒருவருக்குப் பிரசவம் என்றதும் குழுவிலிருந்து மூன்று பேர் முறைவைத்துப் போய் மூத்த குழந்தையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்ப, குழந்தையின் தந்தை பக்கத்து அறையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பாரானால், குழு அந்தப் பெண்ணுக்கு உதவவில்லை; அந்த வீட்டின் பழக்கத்துக்குத்தான் உதவுகிறது. வேண்டுகோள் வரும்போதே “வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், அவர்கள் எதைச் செய்ய முடியும்?” என்று இயல்பாகக் கேட்கும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். உதவ ஆளே இல்லாத வீட்டுக்கு முழு உதவி. ஆள் இருந்தும் செய்யாத வீட்டுக்கு, அவர் செய்யப் பழகும்வரை பக்கத்துணை. இப்படிப் பார்த்தாலே உங்கள் ஐந்தாறு பேரின் சுமை கணிசமாகக் குறையும் என்பது என் கணிப்பு.

குழுவுக்குத் தலைவி என்று யாரும் இல்லை, எல்லோரும் சமம் என்றுதான் நீங்கள் தொடங்கியிருப்பீர்கள். நட்பில் தொடங்கும் குழுக்கள் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குகின்றன. அமெரிக்கப் பெண்கள் இயக்கத்தில் இருந்த ஜோ ஃப்ரீமன் 1970-களின் தொடக்கத்திலேயே இதிலுள்ள சிக்கலைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். அமைப்புமுறை எதுவும் வேண்டாம் என்று முடிவெடுத்த குழுவிலும் அதிகாரம் இருக்கத்தான் செய்யும். அது நெருங்கிய தோழியர் சிலரிடம், கண்ணுக்குத் தெரியாமல், யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியிராத நிலையில் தங்கிவிடும் என்பது அவருடைய வாதம். உங்கள் ஐந்தாறு பேரை ஒதுங்கியிருப்பவர்களின் இடத்திலிருந்து பாருங்கள். நீங்கள் களைத்துப்போன உழைப்பாளிகள் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. எல்லாவற்றையும் தங்களுக்குள் பேசி முடித்துவிடும் ஒரு வட்டம் என்று அவர்களுக்குத் தோன்றக்கூடும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

எனவே பொறுப்புகளுக்குப் பெயர் கொடுத்து, காலமும் வரையறுங்கள். அழைப்புகளை ஏற்பவர் ஒருவர், பணக் கணக்கு வைப்பவர் ஒருவர், கூட்டத்தை நடத்துபவர் ஒருவர்; மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறட்டும். ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு முறை ஒரே பொறுப்பில் இருக்க வேண்டாம். கைமாற்றுக் கொடுப்பதற்கு உச்சவரம்பும் திருப்பித் தரும் கெடுவும் எழுத்தில் இருக்கட்டும். கணக்கு நோட்டை எந்த உறுப்பினரும் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றும் இருக்கட்டும். நெருங்கிப் பழகுகிறவர்களிடம் கணக்கு கேட்பது அசிங்கம் என்ற எண்ணத்தால் உடைந்த நட்புகள் ஏராளம். எலா பட் 1972-இல் அகமதாபாத்தில் தொடங்கிய சேவா அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவில் காய்கறி விற்றவர்கள், சுமை தூக்கியவர்கள், வீட்டிலிருந்து தைத்துக்கொடுத்தவர்கள் என்று எந்தச் சட்டப் பாதுகாப்பும் இல்லாத பெண்களின் சங்கம் அது. கடன் கொடுக்க வங்கிகள் தயங்கியபோது, 1974-இல் 4,000 பெண்கள் பங்குத் தொகை போட்டுத் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவு வங்கியையே தொடங்கினார்கள். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களை அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சேர்த்து வைத்திருப்பதில் பாசத்துக்கும் பங்குண்டு. ஆனால் உறுப்பினர் பட்டியல், சந்தா, தேர்தல், தணிக்கை ஆகியவை இல்லாமல் அந்தப் பாசம் இத்தனை காலம் தாங்கியிராது.

கூட்டத்துக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் கிராமப் பெண்களை வைத்து நடத்தி, 2004-இல் முடிவுகள் வெளியான ஆய்வு ஒன்று பொதுச் சுகாதாரத் துறையில் பெரிதும் பேசப்பட்டது. மருத்துவர் அல்லாத உள்ளூர்ப் பெண் ஒருவர் மாதந்தோறும் பெண்களைக் கூட்டினார். பிரசவத்தையொட்டித் தங்கள் பகுதியில் என்னென்ன சிக்கல்கள் வருகின்றன என்று அவர்களே பட்டியலிட்டார்கள். எது முதலில் என்று வரிசைப்படுத்தினார்கள். தங்களால் முடிந்த தீர்வை முடிவுசெய்து செயல்படுத்தினார்கள். பலன் கிடைத்ததா என்று பிறகு கூடிப் பேசினார்கள். இத்தகைய கூட்டங்கள் நடந்த பகுதிகளில் பச்சிளங்குழந்தைகளின் இறப்பு, நடக்காத பகுதிகளோடு ஒப்பிட மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவாக, ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. அறிவுரை சொல்ல யாரும் வெளியிலிருந்து வரவில்லை என்பதையும், பேச்சு ஒரு வரிசையில் நகர்ந்தது என்பதையும் கவனியுங்கள். உங்கள் கூட்டங்களில் பேச்சு எங்கே தொடங்கி எங்கே போய் முடிகிறது என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். போன மாதம் வந்த வேண்டுகோள்கள் எவை, எவை நிறைவேறின, எவை தவறின, ஏன் தவறின என்ற நான்கும் முதல் இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டால், மீதி நேரத்தில் என்ன பேசிச் சிரித்தாலும் பழுதில்லை.

உறுப்பினர்கள் எல்லா விஷயத்திலும் ஒத்த கருத்தோடு இருக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். லைபீரியாவின் உள்நாட்டுப் போரை நிறுத்தக் கோரி 2003-இல் கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் லேமா போவீ போன்றோரின் முன்னெடுப்பில் வெள்ளுடையில் திரண்டு நின்றார்கள். அதற்காக ஒரு தரப்பு மற்றொரு தரப்பின் நம்பிக்கையை ஏற்க வேண்டியிருக்கவில்லை. கோரிக்கை ஒன்றாக இருந்ததே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. உங்கள் குழுவுக்கும் அப்படி ஒன்றோ இரண்டோ பொது நோக்கங்கள் எழுத்தில் இருந்தால், மற்றவற்றில் மாறுபட்டு நிற்பதை உடைவாகக் கருத வேண்டியதில்லை.

இப்போது, நீங்கள் இரண்டே வரியில் கடந்துபோன இடத்துக்கு வருகிறேன். அறுவை சிகிச்சை என்று யாரிடமும் சொல்லவில்லை, ஒருவரும் விசாரிக்கவில்லை. மூன்று ஆண்டுகளாக எத்தனையோ பேரின் படுக்கை அருகே உட்கார்ந்திருந்த உங்களுக்கு அந்த நாட்கள் எப்படி இருந்திருக்கும் என்பதை என்னால் உணர முடிகிறது. அந்த வருத்தம் நியாயமானது. ஆனாலும் தெரியாத ஒன்றை அவர்கள் எப்படி விசாரிப்பார்கள்? கேட்காமலே புரிந்துகொள்ள வேண்டும் என்று நாம் எல்லோருமே உள்ளூர எதிர்பார்க்கிறோம். ஒரு குழுவைப் பொறுத்தவரை அந்த எதிர்பார்ப்பு நியாயமற்றது. சொல்லியும் வராதபோதுதான் குழு தவறியதாகக் கொள்ள முடியும்.

நீங்கள் கேட்காததால் குழுவுக்கும் இழப்புதான். எப்போதும் கொடுத்துக்கொண்டே இருந்து ஒருமுறையும் கேட்காதவர், மற்றவர்களுக்கு நன்றிக்கடனைத் தவிர வேறெதையும் மிச்சம் வைப்பதில்லை. திருப்பிச் செய்ய வழியே இல்லாத கடன் மனிதர்களை நெருங்கவிடாது. கூச்சத்தில் விலகிப்போகவே செய்யும். நீங்கள் நன்றிகெட்டவர்கள் என்று எண்ணும் சிலர், உண்மையில் உங்கள் முன்னால் சிறுமைப்பட்டு நிற்கப் பிடிக்காதவர்களாக இருக்கலாம். மேலும், தொடங்கியவரே உதவி கேட்பதைச் சிரமப்படுத்துவது என்று கருதினால், கேட்பவர்களெல்லாம் பிறரைச் சிரமப்படுத்துகிறவர்கள் என்றுதானே பொருளாகிறது? யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் வலிமையானவர்கள் கொடுப்பார்கள், வலுவற்றவர்கள் வாங்குவார்கள் என்ற பாகுபாடு அங்கேதான் வேர்விடுகிறது. பரஸ்பர உதவிக்கும் தர்மத்துக்கும் உள்ள வேறுபாடு, கொடுப்பவரும் ஒருநாள் கை நீட்டுவார் என்பதில்தான் இருக்கிறது.

ஆகவே அடுத்த கூட்டத்துக்கு முன்பே, இதுவரை அதிகம் வராத இருவரை அழைத்து, உங்களுக்குத் தேவையான ஒன்றைக் கேளுங்கள். சோதித்துப் பார்ப்பதற்காக இட்டுக்கட்டிக் கேட்காதீர்கள். உண்மையான தேவையாக இருக்கட்டும். மறுபரிசோதனைக்கு மருத்துவமனைக்குத் துணை வருவது, கனமான பொருள் ஒன்றை வாங்கி வருவது, ஒரு பிற்பகல் உங்களோடு இருப்பது என்று தெளிவாக, நாளும் நேரமும் குறிப்பிட்டுக் கேளுங்கள். “முடிந்தால் பாருங்கள்” என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால், முடியவில்லை என்ற பதிலை நீங்களே எழுதிக் கொடுத்தது போலாகிவிடும். வந்து செய்தவர் உங்களைப் போல் நேர்த்தியாகச் செய்யாவிட்டால் திருத்தப் போகாதீர்கள். எல்லாவற்றையும் தாமே சிறப்பாகச் செய்பவர் பக்கத்தில் இருக்கும்போது, மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைச் சோம்பல் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

கலைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் விலகுவதும் குழு கலைவதும் வேறு வேறு என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். அடுத்த மூன்று மாதங்களுக்கு எந்தப் பொறுப்பும் ஏற்காத சாதாரண உறுப்பினராக இருக்கப் போவதாகக் கூட்டத்தில் அறிவியுங்கள்; உடல்நிலையைக் காரணமாகச் சொல்வதில் பொய்யுமில்லை, வெட்கப்படவும் ஒன்றுமில்லை. அழைப்புகள் உங்களுக்கே வந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு முறையும் பொறுப்பில் இருப்பவரின் எண்ணைக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் மாதம் சில வேண்டுகோள்கள் கவனிக்கப்படாமல் போகும். உங்கள் கை பரபரக்கும். உயிருக்கு ஆபத்தான விஷயம் தவிர மற்றவற்றில் குறுக்கே புகாதீர்கள். மூன்று மாதம் கழித்து, பொறுப்பேற்க முன்வந்தவர்கள் எத்தனை பேர், வேண்டுகோள்களில் எத்தனை நிறைவேறின என்று கணக்கெடுங்கள். பன்னிரண்டு பேர் மட்டும் மிஞ்சினால் பன்னிரண்டு பேர் குழுவாகவே நடத்துங்கள். இருபத்தாறு என்ற எண்ணிக்கையைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

ஒருவருமே முன்வரவில்லை என்றால் கலைப்பதுதான் நேர்மை. அப்படிக் கலைப்பதானால், வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒவ்வொருவராக வெளியேறி அதுவாகத் தேய்ந்துபோக விடாதீர்கள். கடைசிக் கூட்டம் என்று அறிவித்துக் கூட்டுங்கள். நிலுவையிலுள்ள கைமாற்றுகளுக்கு யார் பொறுப்பு, எப்போது தீர்க்கப்படும் என்று எழுதிக்கொள்ளுங்கள். மீதிப் பணத்தைப் பிரித்துக் கொடுத்து ஒவ்வொருவரிடமும் கையொப்பம் வாங்குங்கள். பாதியில் நிற்கும் உதவிகளை, முதியவர் ஒருவரின் மருத்துவமனைத் துணை போன்றவற்றை, யார் தனிப்பட்ட முறையில் தொடர்வது என்று முடிவு செய்யுங்கள். வீட்டில் அடிபடும் அந்த உறுப்பினருக்குத் துணை நிற்பதாகச் சொன்ன இருவர், குழு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பொறுப்பைக் கைவிடக் கூடாது. குழு முடிந்தாலும் தங்கள் வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்று அவர்கள் இருவரும், கூட்டத்துக்கு முன்பே, அவரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும்.